துப்பாக்கியை ஸ்டேட் கவர்ன்மென்ட்ல பதிய மாட்டோம்னு அமெரிக்காவுல ஏன் இவ்ளோ பேர் அடம் பிடிக்கிறாங்க? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க்ல இருக்கேன்னு சொன்னா ஊர்ல எல்லாரும் மன்ஹாட்டன்னு நினைச்சுக்கிறாங்க. நான் இருக்குறது அங்கேருந்து நாலு மணி நேரம் வடக்க, மாட்டுப் பண்ணையும் சோளக்காடுமா இருக்குற பக்கம். நவம்பர் வந்தா ஆபீஸ்ல பாதி பேர் மான் வேட்டைக்கு லீவ் போட்டுடுவாங்க. இங்க துப்பாக்கி இல்லாத வீடு கம்மி. எங்கயாவது ஸ்கூல்ல சூடு நடந்து நியூஸ் வந்தா அன்னிக்கு ராத்திரியே ஊர்லருந்து போன் வரும், "துப்பாக்கியைப் பதிஞ்சு வச்சா என்னதான் கெட்டுப் போகும் இவங்களுக்கு"ன்னு. பத்து வருஷமா வாய்ல சொல்லிட்டு இருந்ததை இங்க ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

ரெஜிஸ்ட்ரேஷன்னா லைசென்ஸ்தானே?

இல்ல, இது ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறதுலதான் பாதி சண்டை. லைசென்ஸ் ஆளுக்கு. இவர் மேல கேஸ் இல்ல, துப்பாக்கி வச்சுக்கலாம்னு சொல்ற கார்டு. ரெஜிஸ்ட்ரேஷன் பொருளுக்கு. இந்த மேக், இந்த மாடல், இந்த சீரியல் நம்பர், இது இன்னார் வீட்ல இந்த அட்ரஸ்ல இருக்குன்னு கவர்ன்மென்ட் வச்சிருக்குற லிஸ்ட். நம்ம ஊர்ல 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம துப்பாக்கியே கிடையாது, எந்தத் துப்பாக்கின்னு லைசென்ஸ் புக்லயே எழுதியிருக்கும், தேர்தல் வந்தா அதைக் கொண்டு போய் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், அதனால நமக்கு இது ஒரு விஷயமாவே தெரியாது. இங்க துப்பாக்கி வச்சுக்குறது அரசியல் சட்டத்தோட ரெண்டாவது திருத்தத்துல எழுதின உரிமை. உரிமையை அனுபவிக்கிறதுக்கு எதுக்கு லிஸ்ட்ல பேர் கொடுக்கணும்கிற எடத்துலருந்துதான் இவங்க பேச ஆரம்பிக்கிறாங்க.

அமெரிக்கா முழுக்க இந்த சட்டம் இருக்கா?

கிடையாது. மத்திய அரசு நாடு முழுக்க ஒரு துப்பாக்கி லிஸ்ட் வைக்கவே கூடாதுன்னு 1986-லயே சட்டம் போட்டுட்டாங்க. மெஷின் கன், சைலன்சர், குழல் ரொம்பக் குட்டையான ரைஃபிள் மாதிரி சிலதுக்கு மட்டும் 1934-லருந்து மத்திய அரசு பதிவு இருக்கு. சாதாரணமா கடைல வாங்கினா போலீஸ் ரெக்கார்டை செக் பண்ணுவாங்க, ஓகே ஆச்சுன்னா அந்த ரெக்கார்டை 24 மணி நேரத்துல அழிக்கணும், வாங்கினவர் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் கடைக்காரர் கிட்டதான் இருக்கும்.

மிச்சமெல்லாம் ஸ்டேட் ஸ்டேட்டுக்கு மாறும். ஹவாய்ல எல்லாத் துப்பாக்கியும் போலீஸ்ல பதியணும். கலிபோர்னியா, நியூயார்க், கனெக்டிகட், இல்லினாய் மாதிரி சில ஸ்டேட்ல "அசால்ட் வெப்பன்"னு சட்டம் பேர் வச்சதை, அதாவது ஏஆர்-15 மாதிரி ரைஃபிளை, தடை பண்ணிட்டு ஏற்கனவே கையில இருக்குறதைப் பதிஞ்சா மட்டும் வச்சுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. அப்படியே எதிர்ப்பக்கம் ஃப்ளோரிடாவைப் பாருங்க, அங்க துப்பாக்கி ஓனர் லிஸ்ட் வைக்கிறதுதான் குற்றம், லிஸ்ட் வச்ச அரசு அமைப்புக்கு 50 லட்சம் டாலர் வரைக்கும் அபராதம் போடலாம்னு 2004-லருந்து சட்டம்.

எதிர்க்கிறவங்க அப்படி என்னதான் சொல்றாங்க?

இன்னிக்குப் பதிவு, நாளைக்குப் பறிப்பு. அவ்ளோதான்.

இது சும்மா பயம் இல்லையா? பதிஞ்சதை எங்க போய் பறிச்சாங்க?

நானும் முதல்ல இப்படித்தான் நினைச்சேன். நியூயார்க் சிட்டியோட கதையைக் கேட்டதும் என் கேள்வியே மாறிடுச்சு. 1967-ல சிட்டியில ரைஃபிள், ஷாட்கன் எல்லாத்தையும் பதியணும்னு சட்டம் வந்துச்சு. வந்து 24 வருஷம் கழிச்சு, 1991-ல, அதுல சில வகை ரைஃபிளை சிட்டியே தடை பண்ணுச்சு. யார் கிட்ட இருக்குன்னு தேடணுமா என்ன? லிஸ்ட்தான் இருக்கே. அந்த லிஸ்ட்ல இருந்தவங்க வீட்டுக்கு லெட்டர் போச்சு, சிட்டிக்கு வெளிய அனுப்பு, இல்ல ஒப்படைன்னு. 2013-லயும் அஞ்சு குண்டுக்கு மேல போடுற ரைஃபிள், ஷாட்கன் பதிஞ்சு வச்சிருந்தவங்களுக்கு மறுபடி லெட்டர் போச்சு. பதியாம ஒளிச்சு வச்சவனுக்கு லெட்டர் வரல. ரூல் படி நடந்தவருக்குத்தான் வந்துச்சு. இந்த ஒரு விஷயத்தை இங்க இருக்குறவங்க மறக்கவே மாட்டேங்கிறாங்க, தாத்தா சொல்லிப் பேரன் வரைக்கும் தெரியும்.

கலிபோர்னியாவுல எஸ்கேஎஸ்னு ஒரு ரைஃபிள். அதுல மேகசினை, அதாவது குண்டு அடைக்கிற பெட்டியை, கழட்டி மாட்டுற ஒரு வகையை வச்சுக்கலாமான்னு கேட்டப்போ ஸ்டேட் அட்டர்னி ஜெனரல் ஆபீஸ் முதல்ல சரின்னு சொல்லுச்சு, ஜனங்க நம்பி வாங்கினாங்க. 1997-ல அதே ஆபீஸ் பேச்சை மாத்துச்சு, இது சட்ட விரோதம்னு. கடைசியில ஒண்ணுக்கு 230 டாலர் கொடுத்து, 2000 ஜனவரிக்குள்ள ஒப்படைங்கன்னு சொன்னாங்க. பறிச்சாங்களான்னு கேட்டா, கதவை உடைச்சுப் பறிக்கல. சட்டத்தை மாத்தி வாங்கிக்கிட்டாங்க. ஓனருக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

கவர்ன்மென்ட் நல்ல கவர்ன்மென்ட்டா இருந்தா லிஸ்ட்ல பேர் இருந்தா என்ன?

லிஸ்ட் கசியும். இதுக்கு நான் மூணு கதை சொல்வேன்.

2012 டிசம்பர், கனெக்டிகட்ல நியூடவுன்ங்கிற ஊர்ல சாண்டி ஹுக் ஸ்கூல்ல 20 குழந்தைங்க, 6 பெரியவங்க சுட்டுக் கொல்லப்பட்ட பத்து நாளைக்குள்ள, நியூயார்க் பக்கத்துல ஜர்னல் நியூஸ்ங்கிற பேப்பர் வெஸ்ட்செஸ்டர், ராக்லேண்ட் ரெண்டு கவுண்டியிலயும் (கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கைத்துப்பாக்கி பர்மிட் வச்சிருக்குறவங்க பேரையும் வீட்டு அட்ரஸையும் மேப்ல புள்ளி வச்சுப் போட்டுடுச்சு. திருடல, தகவல் கேட்டு சட்டப்படிதான் வாங்கினாங்க. ரிட்டையர்டு போலீஸ்காரர், ஜெயில் அதிகாரி, அடிச்சுக் கொடுமைப்படுத்தின புருஷன் கிட்டருந்து ஊர் மாறி வந்து ஒளிஞ்சு வாழ்ற பொண்ணு, இவங்க எல்லாம் அந்த மேப்ல இருந்தா என்ன ஆகும்னு பெரிய கொந்தளிப்பு. திருடனுக்கு எந்த வீட்ல துப்பாக்கி இருக்குன்னும் தெரியும், எந்த வீட்ல இல்லன்னும் தெரியும். ஒரு மாசத்துக்குள்ள மேப்பை எடுத்துட்டாங்க, ஆனா அதுக்குள்ள பார்த்தவன் பார்த்தாச்சு.

2022 ஜூன்ல கலிபோர்னியா ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் துப்பாக்கி புள்ளிவிவரத்துக்குன்னு புதுசா ஒரு டாஷ்போர்டு திறந்தாங்க. அதுல மறைச்சுத் துப்பாக்கி எடுத்துட்டுப் போக பர்மிட் கேட்டவங்களோட பேர், பிறந்த தேதி, அட்ரஸ் எல்லாம் யார் வேணாலும் டவுன்லோடு பண்ற மாதிரி கிடந்துச்சு. சுமார் 1,92,000 பேர். வேணும்னு பண்ணல, கவனக்குறைவுன்னு விசாரணை அறிக்கை வந்துச்சு. சரி, ஒத்துக்கிறேன். ஆனா தன் அட்ரஸ் வெளிய போனவருக்கு அது ஆறுதலா?

மூணாவது ஹவாய்ல இருக்குற ஹோனலூலு. 2017 கடைசியில அங்க போலீஸ் சுமார் 30 பேருக்கு லெட்டர் அனுப்புச்சு. நீங்க டாக்டர் சொல்லி மருத்துவ கஞ்சா கார்டு வச்சிருக்கீங்க, துப்பாக்கியும் பதிஞ்சிருக்கீங்க, 30 நாளுக்குள்ள துப்பாக்கியை ஒப்படைங்கன்னு. மத்திய சட்டப்படி கஞ்சா பயன்படுத்துறவர் துப்பாக்கி வச்சுக்கக் கூடாது, அதனால எழுத்துப்படி போலீஸ் செஞ்சது தப்பில்ல. ஆனா பாருங்க, ஒரு லிஸ்ட் நோயாளி லிஸ்ட், இன்னொண்ணு துப்பாக்கி லிஸ்ட், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா மூணாவதா ஒரு லிஸ்ட் பொறக்குது, அதுக்கு நீங்க என்னைக்கும் சம்மதம் சொல்லல. சத்தம் வந்ததும் போலீஸ் பின்வாங்கிடுச்சு. ஒரு தடவை பின்வாங்கினாங்க, அவ்ளோதான் சொல்ல முடியும்.

காரை ரெஜிஸ்டர் பண்றோம், வீட்டை ரெஜிஸ்டர் பண்றோம், துப்பாக்கிக்கு மட்டும் என்ன?

இதை அவங்க கிட்ட கேட்டா உடனே பதில் வரும். காரைப் பொது ரோட்ல ஓட்டத்தான் ரெஜிஸ்ட்ரேஷன், என் சொந்த நிலத்துக்குள்ளயே ஓட்டினா வேணாம். அதோட நீலக் கலர் கார் ஆபத்துன்னு சொல்லி பதிஞ்சவங்க எல்லாரும் ஒப்படைங்கன்னு எந்தக் கட்சியும் ஓட்டு கேக்கல. பாதி சரியான வாதம்னு நினைக்கிறேன். கார் திருட்டுப் போனா பதிவு ஓனருக்கே உதவுது, துப்பாக்கிக்கும் அது பொருந்தும், அதை அவங்க சொல்றதில்ல.

2013-14-ல கனெக்டிகட்லயும் நியூயார்க்லயும் என்ன நடந்துச்சு?

சாண்டி ஹுக் நடந்து ஒரே மாசத்துல, 2013 ஜனவரி 15-ந்தேதி, நியூயார்க் கவர்னர் ஆண்ட்ரூ க்யூமோ சேஃப் ஆக்ட்ங்கிற துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். மசோதா ராத்திரியோட ராத்திரியா ஓடுச்சு, படிக்கவே நேரம் இல்லன்னு இன்னிக்கும் இங்க திட்டுவாங்க. அசால்ட் வெப்பன் வச்சிருக்குறவங்க 2014 ஏப்ரல் 15-க்குள்ள பதியணும். கனெக்டிகட்ல கவர்னர் டேனல் மலாய் இதே மாதிரி ஒரு சட்டத்துல ஏப்ரல் 4-ல கையெழுத்துப் போட்டார், அங்க கெடு 2014 ஜனவரி 1.

கனெக்டிகட்ல கடைசி நாட்கள்ல மிடில்டவுன் ஆபீஸ் வாசல்ல டிசம்பர் குளிர்ல ஜனங்க வரிசையில நின்னாங்க, கையில நோட்டரி கையெழுத்து வாங்கின ஃபார்மோட. துப்பாக்கியைப் பத்தி இவ்ளோ சண்டை போடுற நாட்ல, அந்த வரிசை அமைதியா நின்னுச்சு. சுமார் 50,000 துப்பாக்கி பதிவாச்சு. லேட்டா வந்த ஃபார்ம்களுக்கு ஸ்டேட் என்ன பண்ணுச்சு தெரியுமா? பதிய முடியாது, துப்பாக்கியைச் செயலிழக்க வை, இல்ல வித்துடு, இல்ல ஒப்படைன்னு பதில் லெட்டர். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, கொஞ்சம் தாமதமா வந்தவர்தான் மாட்டினார், வராதவர் யாருன்னே தெரியாது. எனக்கு இது ரொம்ப உறுத்துது. ஒரு மாசம் கூடுதலா கொடுத்திருந்தா அந்த ஸ்டேட் மேல எவ்ளோ நம்பிக்கை வந்திருக்கும்.

நியூயார்க்ல எத்தனை பதிவாச்சுன்னு ஸ்டேட் போலீஸ் சொல்லவே மாட்டேன்னுட்டாங்க. கோர்ட்டுக்குப் போய், 2015 ஜூன்லதான் கணக்கு வெளிய வந்துச்சு. 23,847 பேர், 44,485 துப்பாக்கி. ஸ்டேட்ல இந்த வகைத் துப்பாக்கி மொத்தம் கிட்டத்தட்ட 10 லட்சம் இருக்கும்னு துப்பாக்கித் தொழில் சங்கம் போட்ட கணக்கு. எதிர்ப்பு எப்படி இருந்துச்சுன்னா, சாரடோகா ஸ்பிரிங்ஸ்ல கூட்டம் போட்டு பதிவு ஃபார்மை நெருப்புல போட்டாங்க. 62 கவுண்டியில 50-க்கு மேல கவுண்டி சபைங்க சட்டத்துக்கு எதிரா தீர்மானம் போட்டுச்சு.

அப்போ 95 சதவீதம் பேர் சட்டத்தை மீறிட்டாங்கன்னு அர்த்தமா?

ரெண்டு பக்கமும் இப்படித்தான் சொல்லிக்கிறாங்க, ஒரு பக்கம் பெருமையா, ஒரு பக்கம் கோபமா. நான் அதை அப்படியே ஒத்துக்க மாட்டேன், காரணம் எங்க பக்கத்து வீட்டு தாத்தா.

தச்சு வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், இளமையில ராணுவத்துல இருந்தவர். அவர் கிட்ட ரெண்டு ஏஆர். 2014 மார்ச் கடைசியில ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார், கண்ணு சரியாத் தெரியல, இந்த நம்பரைப் படின்னு. கிச்சன் டேபிள் மேல பழைய துண்டை விரிச்சு ரெண்டையும் வச்சிருந்தார், குண்டு எதுவும் இல்லன்னு எனக்கு ரெண்டு தடவை திறந்து காட்டினார். மேகசின் மாட்டுற எடத்துக்கு மேல, கறுப்பு அலுமினியத்துல, அரிசி அளவு எழுத்துல பொறிச்சிருக்கு சீரியல் நம்பர். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி எட்டா மூணான்னு தெரியல. போன் டார்ச் அடிச்சு, பல் துலக்குற பிரஷால தேச்சுப் படிச்சோம். ஒவ்வொரு எண்ணா நான் சொல்லச் சொல்ல அவர் கட்டம் கட்டமா எழுதினார். எழுதி முடிச்சுட்டு அந்த ஃபார்மை ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தார். "ராணுவத்துலயும் என் துப்பாக்கி நம்பரை ஒப்பிக்கச் சொல்வாங்க, அப்போ எனக்கு இப்படித் தோணல"ன்னார்.

ரெண்டுல அந்த ஒண்ணைத்தான் பதிஞ்சார். ரெண்டாவதை என்ன பண்ணார்னா, நியூயார்க் சட்டப்படி மேகசின் கழட்டுற செமி ஆட்டோ ரைஃபிள்ல பிஸ்டல் மாதிரி கைப்பிடி, மடக்குற பின்கட்டை, ஃப்ளாஷ் மறைக்கிற முனை, இப்படி ஒரு அம்சம் இருந்தாலே அசால்ட் வெப்பன். அதெல்லாம் இல்லன்னா அது சாதாரண ரைஃபிள், பதிய வேண்டியதில்ல. ஒரு அறுகோண சாவியால கைப்பிடி ஸ்க்ரூவைக் கழட்டி, மீன் வால் மாதிரி வளைஞ்ச ஒரு கட்டையை மாட்டி, முனையையும் மாத்திட்டார். சட்டம் சொன்னதை எழுத்துப் பிசகாம செஞ்சார், ஆனா 44,485-ல அந்த ரைஃபிள் இல்ல. இப்படி மாத்தினது எத்தனை, வெளி ஸ்டேட்டுக்கு வித்தது எத்தனை, பதியாமலேயே அலமாரியில கிடக்குறது எத்தனை, எல்லாம் அந்த 10 லட்சத்துக்குள்ளயேதான் இருக்கு. பதியாதவங்க ஏராளம்ங்கிறது உண்மை, எல்லாரும் மீறினாங்கங்கிறது உண்மை இல்ல.

இல்லினாய்ல?

2022 ஜூலை 4, ஹைலேண்ட் பார்க் ஊர்வலத்துல சுட்டதுல 7 பேர் செத்தாங்க. 2023 ஜனவரி 10-ல கவர்னர் ப்ரிட்ஸ்கர் கையெழுத்துப் போட்ட சட்டம், இருக்குறதை ஸ்டேட் போலீஸ் வெப்சைட்ல அஃபிடவிட்டா பதியணும், கெடு 2024 ஜனவரி 1. அங்க துப்பாக்கி வச்சுக்கவே ஓனர் கார்டு வேணும், 1968-லருந்தே அப்படி. கார்டு வச்சிருக்குறவங்க சுமார் 24 லட்சம், கெடுவுக்குள்ள அஃபிடவிட் போட்டவங்க 30,000-க்குள்ளதான். கார்டு வச்சிருக்குற எல்லார் கிட்டயும் அந்த மாதிரி ரைஃபிள் இருக்காதுங்கிறதையும் சேர்த்துப் படிங்க. ஆனா அதுக்கும் ரொம்பக் குறைச்சல்தான்.

போலீஸ் சும்மா விட்டுடுமா?

கவுண்டி போலீஸுக்குத் தலைவரான ஷெரிஃப்ங்கிறவர் இங்க ஓட்டு வாங்கி ஜெயிக்கிற ஆள். ஓட்டுப் போடுறவங்களே துப்பாக்கிக்காரங்கன்னா என்ன பண்ணுவார்? இல்லினாய்ல இருக்குற 102 கவுண்டியில பெரும்பாலான ஷெரிஃபுங்க, வீடு வீடாப் போய் செக் பண்ண மாட்டோம், இது ஒண்ணுக்காக மட்டும் யாரையும் பிடிக்க மாட்டோம்னு வெளிப்படையா லெட்டர் விட்டாங்க. இதை வச்சு யாராவது "கவலைப்படாதே"ன்னு சொன்னா நம்பாதீங்க. ஷெரிஃப் மாறுவார், ஸ்டேட் போலீஸ் வேற, வேற ஒரு கேஸ்ல வீட்டுக்குள்ள வந்தா இதையும் சேர்த்துத்தான் எழுதுவாங்க.

குற்றவாளி எவனாவது பதிவானா?

மாட்டான். இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது, ஒரு காலத்துல அவன் பதிய வேண்டிய அவசியமே இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லுச்சு. 1968-ல ஹேன்ஸ் கேஸ். துப்பாக்கி வச்சுக்கத் தகுதி இல்லாதவன் போய் என் கிட்ட இருக்குன்னு பதிஞ்சா அது தன் வாயாலயே குற்றத்தை ஒத்துக்குறது, அப்படிக் கட்டாயப்படுத்த முடியாதுன்னு தீர்ப்பு. சட்டத்துக்குக் கட்டுப்படுறவன் பதியலன்னா தண்டனை, குற்றவாளி பதியலன்னா மன்னிப்பான்னு துப்பாக்கிக்காரங்க இன்னிக்கும் இதைத்தான் முதல்ல எடுத்துப் போடுவாங்க. ஆனா அதோட நிறுத்திடுவாங்க. அதே வருஷம் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, பதிவுல சொன்னதை அவருக்கு எதிரா பயன்படுத்த முடியாத மாதிரி பண்ணிட்டாங்க, 1971-ல கோர்ட்டும் அதை ஏத்துக்கிச்சு. பழைய தீர்ப்பை மட்டும் சொல்றது முழுக் கதை ஆகாது.

அப்போ இந்த லிஸ்ட்டால ஒரு பிரயோஜனமும் இல்லையா?

இருக்கு. வாங்கும்போது நல்லவனா இருந்தவன் அப்புறம் பொண்டாட்டியை அடிச்சு கோர்ட் தடை வாங்கியிருப்பான், பெரிய கேஸ்ல தண்டனை ஆகியிருப்பான். அவன் வீட்ல துப்பாக்கி இருக்கான்னு எப்படித் தெரியும்? கலிபோர்னியா 2006-லருந்து தன் துப்பாக்கி ரெக்கார்டையும் தகுதி இழந்தவங்க ரெக்கார்டையும் ஒப்பிட்டுப் பார்த்து ஆளைத் தேடிப் போகுது. லிஸ்ட் இல்லாம இது முடியாது. அடி வாங்கின பொண்ணு பக்கத்துல நின்னு யோசிச்சா ரெஜிஸ்ட்ரேஷன் வேணும்னுதான் தோணும், எனக்கும் தோணுது. ஆனா அந்த தேடுற லிஸ்ட்ல 20,000 பேருக்கு மேல தேங்கிப் போச்சு, 2013-ல 2.4 கோடி டாலர் ஒதுக்கியும் தேக்கம் தீரல. லிஸ்ட் போட்டா மட்டும் போதாது, போய் கதவைத் தட்ட ஆள் வேணும்.

நீங்க எந்தப் பக்கம்?

கேட்டுட்டீங்க, சொல்லிடுறேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க, சாண்டி ஹுக் நடந்தப்போ பெரியவளுக்கு அந்தக் குழந்தைங்க வயசு. அன்னிக்கு ராத்திரி அவ தூங்கினப்புறம் கட்டில் பக்கத்துல உக்காந்து அழுதேன். அதனால "ஒண்ணுமே பண்ணாதே"ன்னு சொல்றவங்க கூட என்னால நிக்க முடியாது. தகுதி பார்க்கணும், நல்லாவே பார்க்கணும். ஆனா லிஸ்ட் கேக்குற ஸ்டேட், இதைத் தடைக்கோ பறிப்புக்கோ பயன்படுத்த மாட்டேன், கசிஞ்சா இன்ன இழப்பீடு தருவேன், வேற லிஸ்ட்டோட சேர்க்க மாட்டேன்னு சட்டத்துலயே எழுதிக் கொடுக்கணும். சேஃப் ஆக்ட்ல பேரை வெளியிட வேணாம்னு விண்ணப்பம் போட வழி வச்சாங்க, அது நல்ல ஆரம்பம். மீதியை எந்த ஸ்டேட்டும் எழுதித் தரல. தராத வரைக்கும் பக்கத்து வீட்டு தாத்தாவோட சந்தேகத்தைப் பைத்தியக்காரத்தனம்னு நான் சொல்ல மாட்டேன்.

கோர்ட் என்ன சொல்லுது?

2008-ல டிக் ஹெல்லர்ங்கிற செக்யூரிட்டி கார்டு வாஷிங்டன் டிசி மேல போட்ட கேஸ்லதான் துப்பாக்கி தனி மனுஷனோட உரிமைன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. அவர் விடல, டிசியோட பதிவு ரூல் மேலயும் கேஸ் போட்டார். 2015-ல அப்பீல் கோர்ட், பதிவு செய்றது, கைரேகை, போட்டோ எல்லாம் இருக்கலாம், ஆனா மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி பதியணும், துப்பாக்கியையே போலீஸ் ஆபீஸுக்குத் தூக்கிட்டு வரணும், மாசத்துக்கு ஒண்ணுதான் பதியலாம்கிறதெல்லாம் செல்லாதுன்னு தீர்ப்பு. 2022-ல ப்ரூயன்னு ஒரு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்புக்கு அப்புறம், துப்பாக்கிச் சட்டம் எதுவா இருந்தாலும் பழைய வரலாற்று வழக்கத்தோட ஒத்துப் போகணும். அந்தக் காலத்துல துப்பாக்கி லிஸ்ட் இருந்துச்சான்னு இப்போ வக்கீல்ங்க சண்டை. ஊர்ப் படைக்கு ஆள் எடுக்கும்போது துப்பாக்கியைக் கொண்டு வரச் சொல்லிக் கணக்கெடுத்தாங்கன்னு ஒரு பக்கம், அது ஊர்க்காவலுக்கு, பறிக்க இல்லன்னு மறுபக்கம். இல்லினாய் சட்டத்தை 2024 நவம்பர்ல ஒரு மத்திய ஜட்ஜ் செல்லாதுன்னார், மேல் கோர்ட் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வச்சுது.

பதியணும்னு நினைச்சும் முடியாமப் போனா?

நடந்திருக்கு. 2018-ல கலிபோர்னியாவுல "புல்லட் பட்டன்" (மேகசினைக் கையால கழட்ட முடியாம, ஒரு கருவியால அமுக்கிக் கழட்டுற பட்டன்) வச்ச ரைஃபிளை ஆன்லைன்லதான் பதியணும், துப்பாக்கியோட இடது பக்கம், வலது பக்கம், அந்த பட்டன்னு போட்டோ எல்லாம் ஏத்தணும், ஜூன் 30 கெடு. கடைசி வாரத்துல சைட் படுத்துடுச்சு. கேஸ் போட்டு, சமரசம் ஆகி, அப்படி மாட்டினவங்களுக்காக 2022 ஜனவரியிலருந்து ஏப்ரல் வரைக்கும் மறுபடி திறந்தாங்க. ஏறக்குறைய நாலு வருஷம் அவங்க சட்டப்படி யாரு, குற்றவாளியா இல்லையா? ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கிறது இங்கதான் உதவும், எடுத்து வைங்க.

நான் ஹெச்1பி-ல இருக்கேன், கிரீன் கார்டு வச்சிருக்கேன், இதெல்லாம் எனக்கு எதுக்கு?

ஹெச்1பி-ல இருக்குறவங்க பொதுவா துப்பாக்கி வச்சுக்கவே கூடாது, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு தவிர. ஃப்ரெண்டு கூப்பிட்டான்னு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் கையில எடுக்குறதுக்கு முன்னாடியும் இதை யோசிங்க. கிரீன் கார்டு இருந்தா வாங்கலாம். ஆனா இதை நல்லா மனசுல வைங்க: துப்பாக்கிச் சட்டத்தை மீறி வச்சிருந்ததா தண்டனை ஆச்சுன்னா கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்த அதுவே காரணம் ஆகும். பக்கத்து வீட்டு அமெரிக்கன் "நான் பதிய மாட்டேன்"னு சட்டையில எழுதிட்டுத் திரியலாம், அவருக்கு அபராதமோ ஜெயிலோ, முடிஞ்சா வீட்டுக்கு வருவார். நமக்கு வீடே போயிடும். கொள்கை பிடிச்சிருந்தாலும் பதியுங்க, இல்ல அந்த வகைத் துப்பாக்கியே வேணாம். இமிக்ரேஷன் வக்கீல் கிட்ட ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசுங்க.

டெக்ஸாஸ்லருந்து கலிபோர்னியாவுக்கு வேலை மாறுறேன், துப்பாக்கியைக் கூட எடுத்துட்டுப் போகலாமா?

அங்க தடை பண்ணின வகைன்னா எடுத்துட்டுப் போகவே கூடாது, கிளம்புறதுக்கு முன்னாடியே வித்துடுங்க. மத்ததைக் குடியேறின 60 நாளுக்குள்ள ஸ்டேட்டுக்குத் தெரியப்படுத்தணும். மூவர்ஸ் லாரியில ஏத்தி விட்டுட்டு அப்புறம் பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க.

கனடாவுல என்ன ஆச்சு, அதையே எல்லாரும் சொல்றாங்களே?

1995-ல ரைஃபிள், ஷாட்கன் எல்லாத்தையும் பதியணும்னு மத்திய சட்டம். கட்டணம் போக 20 லட்சம் டாலர்தான் செலவாகும்னாங்க, 100 கோடியைத் தொடும்னு 2002-ல அவங்க ஆடிட்டர் ஜெனரலே அறிக்கை கொடுத்தார். 2012-ல மூடிட்டாங்க. க்யூபெக் மாகாணம் மட்டும் விட மனசில்லாம 2018-ல தனக்குன்னு ஒண்ணு தொடங்குச்சு.

பதிஞ்ச துப்பாக்கியைப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாமா?

இதுவும் ஸ்டேட்டைப் பொறுத்தது. இல்லினாய்ல வாரிசுக்குப் போகலாம். நியூயார்க்ல பதிஞ்ச அசால்ட் வெப்பனை ஸ்டேட்டுக்குள்ள மகனுக்கோ மகளுக்கோ கூட கொடுக்க முடியாது, டீலருக்குக் கொடுக்கணும், இல்ல வெளி ஸ்டேட்டுக்குப் போகணும். துப்பாக்கியை அப்பாவோட வாட்ச் மாதிரி, அம்மாவோட தாலிச் சங்கிலி மாதிரி பார்க்குற குடும்பங்களுக்கு ரெஜிஸ்ட்ரேஷன்ல ரொம்ப வலிக்குற எடம் இதுதான், வெளிய இருந்து பார்க்குறவங்களுக்கு இது கண்ணுலயே படாது.

பக்கத்து வீட்டு தாத்தாவுக்கு மகன் இந்த ஊர்லயே இருக்கார், மகள் பென்சில்வேனியாவுல. பதிஞ்ச அந்த ரைஃபிள் மகனுக்குன்னுதான் முதல்லருந்து சொல்லிட்டு இருந்தார். போன வருஷம் அவர் வீட்டு பேஸ்மெண்ட்ல ஏணி பிடிக்கப் போயிருந்தேன், பச்சை பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து காட்டினார். ரைஃபிளுக்கு அடியில ஸ்டேட் போலீஸ் அனுப்பின பதிவுக் கடிதம், அது மேல ஒட்டின மஞ்சள் சீட்டுல மகள் பேரும் பென்சில்வேனியாவுல ஒரு துப்பாக்கிக் கடை போன் நம்பரும்.